உள்ளான் வேட்டையும் தாத்தாவின் கெண்டைக்காலும்

எங்க தாத்தாவோட இடது கெண்டைக்கால்ல, முட்டிக்கு நாலு விரக்கடை கீழே, கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சின்ன வயசுல அதை மச்சம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அழுத்தினா தோலுக்கு அடியில லேசா உருளும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அது ஈய ரவை, துப்பாக்கியில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சபோது எனக்குப் பதினோரு வயசு இருக்கும்.

நடந்தது 1958 வாக்கில், ஒரு ஐப்பசி மாசம். முத்துப்பேட்டைக்கு வடக்கே எங்க ஊர். தாத்தா குத்தகைக்காரர். நிலம் பண்ணைவீட்டோடது. பண்ணைக்கு விருந்தாளியா வெளியூர்லேர்ந்து நாலு பேர் ரெட்டைக்குழல் துப்பாக்கியோட வந்து, விடியற்காலையில உள்ளான் சுட வரப்புல இறங்கியிருக்காங்க. உள்ளான் தெரியும்தானே? நீள மூக்கு, சேத்து நிறம். பக்கத்துல போற வரைக்கும் அசையாம கிடந்து, கடைசி நொடியில 'விர்ர்'னு கோணல் மாணலா தாழப் பறக்கும். அதனால சுடறவனும் தாழத்தான் சுடணும். தாத்தா எதிர் வரப்புல களை பார்த்துக்கிட்டு இருந்தார். அவ்வளவுதான் கதை. டிஞ்சர் போட்டு, அஞ்சு ரூபாய் கொடுத்து, பண்ணைவீட்டுத் திண்ணையில உக்காரவச்சுக் காப்பியும் கொடுத்தாங்களாம். திண்ணையில உக்கார வச்சதைத்தான் தாத்தா பெருசா சொல்லுவார்.

(இந்த உள்ளானுக்கு ஆங்கிலத்துல ஸ்னைப். இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 18-ம் நூற்றாண்டுல இந்தப் பறவையைச் சுடப் போறதைச் சொல்லப்போய்தான் 'ஸ்னைப்பர்'ங்கற வார்த்தையே பிறந்தது. இன்னைக்கு யுத்தச் செய்தியில அந்த வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு எங்க ஊர் நாத்தங்கால்தான் ஞாபகம் வரும்.)

"ஏன் தாத்தா, நம்ம வயலுக்குள்ள வந்து சுடறதுக்கு யாரைக் கேட்டாங்க?" என்று நான் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்: "வயல் யாருதுடா? பண்ணைது. பயிருதான் நம்முது. குருவி யாருதுன்னு எனக்குத் தெரியாது."

அந்தக் கேள்வி ரொம்ப நாளா மண்டையிலயே கிடந்தது. சமீபத்துல பழைய சட்டப் புத்தகங்கள் கொஞ்சம் கையில கிடைக்க, தோண்ட ஆரம்பிச்சேன். நான் வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயலுக்குள்ள ஒருத்தன் பொழுதுபோக்குக்குத் துப்பாக்கியோட வரணும்னா யாரைக் கேக்கணும்? நூறு வருஷத்துக்கு மேல நம்ம சட்டங்கள் இதுக்கு விதவிதமா பதில் சொல்லியிருக்கு.

முதலில் துப்பாக்கி. 1857 கலகத்தின் பயம் தீராத வெள்ளைக்காரர்கள், லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. யாருக்கு? இந்தியர்களுக்கு. ஐரோப்பியர்களுக்கு விதிகளின் வழியாக விலக்கு கொடுத்தாகிவிட்டது. நம்மாட்களில் சில பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் விலக்கு உண்டு. குடகு நாட்டுக்காரர்களுக்குத் தனி விலக்கு. அது 1861-லிருந்தே இருந்தது, இன்றைக்கும் 2029 வரை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆக ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காகிதமும் இல்லாமல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நம்ம வரப்பில் நடக்கலாம். அந்த வயலை உழுகிறவன் பன்றி விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்றால் கச்சேரியில் மனுப்போட்டுக் காத்து நிற்கணும். 1920-ல் விதிகளைத் திருத்தி இந்த நிறபேதத்தைக் காகிதத்தில் எடுத்தார்கள். காகிதத்தில்.

இதை ஒரு சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு முன்னால் வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரியை நீக்கணும் என்பதும் ஒன்று, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கணும் என்பதும் ஒன்று. அகிம்சை பேசினவர் கேட்டது! அந்த ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து, எங்க பக்கத்துத் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய் உப்பு அள்ளினது எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கிக் கோரிக்கையை மட்டும் யாரும் ஞாபகம் வச்சுக்கலை.

அடுத்தது பறவை. 1887-ல் காட்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கொன்ற பறவைகளை நகராட்சி, கண்டோன்மெண்ட் எல்லைக்குள் வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது. வயலில் சுடுகிறவனைப் பற்றி அதுக்குக் கவலையே இல்லை. 1912-ல்தான் கொஞ்சம் உருப்படியான சட்டம் வந்தது. ஒரு பட்டியல் போட்டு, அதில் உள்ள பறவை, மிருகங்களை மாகாண அரசு அறிவிக்கிற தடைக்காலத்தில் கொல்லக் கூடாது என்றார்கள். மீறினால் முதல் தடவை 50 ரூபாய் வரைக்கும் அபராதம்.

அந்தப் பட்டியலைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. வாத்து, கௌதாரி, காடை, காட்டுக்கோழி, மயில், புறா, நாரை, கொக்கு, பனங்காடை, மீன்கொத்தி எல்லாம் இருக்கு. உள்ளான் வகையில் மயில் உள்ளான் மட்டும் இருக்கு. சாதா உள்ளான் இல்லை! ஏன்னு கொஞ்ச நேரம் புரியலை. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. மயில் உள்ளான் நம்ம ஊரிலேயே முட்டை வைக்கிற பறவை, அதுக்குத் தடைக்காலம் உண்டு. சாதா உள்ளான் புரட்டாசி ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து, பங்குனியில் திரும்பிப் போகிற விருந்தாளி. இங்கே குஞ்சு பொரிக்காததுக்கு எதுக்குத் தடைக்காலம்? சட்டம் பறவைமேல் இருந்த பிரியத்தில் எழுதப்படவில்லை, அடுத்த வருஷத்து வேட்டைக்குச் சரக்கு இருக்கணும் என்பதற்காக எழுதப்பட்டது. இதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது: சொத்தைக் காப்பாற்ற உண்மையாகவே கொன்றால் குற்றமில்லை. பயிரும் சொத்துதான். ஆனால் பயிரைக் காப்பாற்ற வேண்டியவன் கையில் துப்பாக்கி எங்கே இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

இனிமேதான் நம்ம கேள்வி. நிலம்.

1882 மெட்ராஸ் வனச் சட்டம், ஒதுக்குக் காடுகளில் விதிகளை மீறி வேட்டையாடுவது, கண்ணி வைப்பது, தண்ணீரில் விஷம் கலப்பது எல்லாவற்றையும் குற்றமாக்கியது. காட்டுக்குள் போக பெர்மிட் வேண்டும். நீலகிரிக்கு அதற்கும் முன்னாலேயே, 1879-ல், தனியாக ஒரு வேட்டைச் சட்டம் போட்டுவிட்டார்கள். மலையில் துரைமார்கள் சங்கம் வைத்திருந்தார்கள், கேட்டார்கள், கிடைத்தது. டெல்டாவில் காடு எங்கே இருக்கு? இருந்ததெல்லாம் எங்க அலையாத்திக் காடு ஒன்றுதான். அதுவும் ரொம்ப காலம் சத்திரம் இலாகாவின் கையில் இருந்தது. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடக் கட்டின சத்திரங்களை நடத்த, இந்தச் சதுப்பின் விறகு வருமானம் போனது. 1937-ல்தான் இங்கே வனத்துறை பெரிய அளவில் உள்ளே வந்தது. மற்றதெல்லாம் பட்டா நிலம், கடல் மாதிரி நெல். பட்டா நிலத்தில் சுடுவதைப் பற்றி வனச் சட்டம் பேசாது.

சரி, அத்துமீறல் என்று கேஸ் போடலாமே? 1860 இந்திய தண்டனைச் சட்டத்தில் அத்துமீறி நுழைதலுக்கு மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இருந்ததுதான். ஆனா அங்கே ஒரு கொக்கி. குற்றம் செய்யும் எண்ணத்தோடயோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்ட, அவமானப்படுத்த, தொந்தரவு செய்யும் எண்ணத்தோடயோ நுழைஞ்சாத்தான் அது குற்றம். "நான் உள்ளான் சுடத்தான் வந்தேன், உன்னைத் தொந்தரவு பண்ண இல்லை" என்றால் முடிஞ்சது. தாத்தா கால்ல ரவை பட்டது வேற விஷயம். அஜாக்கிரதையால் காயம் விளைவித்ததற்கு ஆறு மாசம் வரை ஜெயில் அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்று அதே புத்தகத்தில் தெளிவா இருந்தது. அதுக்கு ஒரு குத்தகைக்காரர், பண்ணையின் விருந்தாளி மேல, ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கணும். அந்த வருஷக் குத்தகை அப்புறம் என்ன ஆகும்?

ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு ஊர் கேட்டு வாங்கியது. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல். 1790-களில், சிப்பாய்கள் வந்து ஏரிக்கரை மரங்களில் இருந்த பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி எங்க பயிருக்கு உரம், நீங்க சுட்டா எங்க நெல்லுதான் போகும் என்று. அவர் சுடக்கூடாது என்று கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைத் திரும்பவும் புதுப்பித்துக்கொண்டார்கள். ஆயுதச் சட்டமும் இல்லை, பறவைச் சட்டமும் இல்லை, ஊர் மட்டும் இருந்தது. அங்கே பேசியது ஒரு ஊர் முழுக்க. எங்க பக்கத்தில் யார் பேசுவது? மிராசுதார் பேசினால் அவர் விருந்தாளியைப் பற்றியே பேசணும்.

சுதந்திரம் வந்து 1959-ல் புது ஆயுதச் சட்டம் போட்டார்கள், 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதில் ஒரு வாசகம். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைப் 'பாதுகாப்புக்கு அல்லது விளையாட்டுக்கு' என்று ஒரு குடிமகன் கேட்டால் லைசென்ஸ் கொடுக்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் வாய்வழியாக மருந்து கிடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டும் வேற கொடுக்கலாம். கவனிச்சீங்களா? விளையாடுகிறவனுக்கு நல்ல துப்பாக்கி, விவசாயிக்கு மருந்து கிடிக்கிற துப்பாக்கி. இதை எழுதினவர் வேணும்னு எழுதியிருக்க மாட்டார். எழுதினவருக்கு அது இயல்பாவே தோணியிருக்கும், அதுதான் விஷயம்.

டெல்டாவில் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் தொங்கியது என்பது வெறும் வேட்டை விஷயம் இல்லை. 1952-ல் தஞ்சாவூருக்கென்றே தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போடவேண்டிய நிலைமை இருந்த ஜில்லா இது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். அந்த ராத்திரி தாக்க வந்தவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது, குண்டுக் காயம் பட்டவர்கள் இருந்தார்கள். அதுக்குப் பிறகு எங்க ஊர்ப் பெரியவர்கள் யாரும் வேட்டைத் துப்பாக்கியை 'விளையாட்டுச் சாமான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நிற்க. இப்ப நான் தேடினது கிடைச்ச இடத்துக்கு வர்றேன்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இது வேட்டையை அன்றைக்கே முழுசாத் தடை செய்துவிட்டது என்றுதான் நம்மில் பலபேர் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்லை. முதலில் வந்தபோது அதில் சிறு வேட்டை, பெரு வேட்டை, சிறப்பு வேட்டை என்று லைசென்ஸ்களே இருந்தன. கூடவே 17-வது பிரிவில் செய்யக்கூடாதவை ஒரு பட்டியல். வண்டியில் இருந்து சுடாதே. விஷம் வைக்காதே. வேட்டைக்காகப் புதருக்குத் தீ வைக்காதே. ராத்திரியில் சுடாதே. தண்ணீர் குடிக்கும் இடத்தில் நின்று சுடாதே (நீர்ப்பறவைகளுக்கு விலக்கு உண்டு. பாவம், அதுங்க வேற எங்கே போகும்?). இந்தப் பட்டியலில் ஒன்று: அரசுக்குச் சொந்தமில்லாத எந்த நிலத்திலும், நிலத்தின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஏஜெண்டு அல்லது அந்த நிலத்தைச் சட்டப்படி அனுபவித்து வருபவர் சம்மதம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது.

சட்டப்படி அனுபவித்து வருபவர்! அதாவது எங்க தாத்தா! பண்ணைக்காரரையும் குத்தகைக்காரரையும் ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சிருக்கு சட்டம், திண்ணை மாதிரி. படிச்சிட்டு அப்பாவுக்கு உடனே போன் போட்டேன். அப்பா முப்பது வருஷம் ரெவின்யூவில் குப்பை கொட்டினவர். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நடுவுல என்ன போட்டிருக்கு? 'அல்லது'ன்னா, 'மற்றும்'ன்னா?"

அல்லது.

அப்ப பண்ணையைக் கேட்டிருந்தாலே போதும். காரியக்காரர் தலையசைச்சிருந்தாலும் போதும். குத்தகைக்காரர் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம், பண்ணை கூப்பிட்டவனைத் தடுக்க அந்த வரி அவருக்கு உதவாது. தாத்தா சம்மதம் தர முடியும், சம்மதம் மறுக்க முடியாது. ஒரு ராத்திரி பூரா சந்தோஷமா இருந்துட்டு காலையில இப்படி ஆயிடுச்சு.

அந்த வரியும் ரொம்ப நாள் இருக்கவில்லை. 1991 திருத்தத்தில் வேட்டை லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டார்கள், 17-ம் போனது. அப்போதிருந்து பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது, சொந்த நிலமோ புறம்போக்கோ. ஆக, 'நிலத்துக்காரரைக் கேள்' என்று இந்த வேட்டைச் சட்டம் சொன்னது மொத்தமே 19 வருஷம்தான். மனுஷ உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், தலைமை வன உயிரினக் காப்பாளர் தரப்பிலிருந்து எழுத்தில் அனுமதி வாங்கணும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றிக்கு தமிழக அரசு ஒரு வழி சொன்னதே, அதிலும் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், சுடுவதும் வனத்துறை ஆள்தான். பழைய சட்டத்தில் காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் 'தொல்லைப் பிராணி' அட்டவணையில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையும் எடுத்துவிட்டார்கள்.

துப்பாக்கிப் பக்கமும் இறுகிவிட்டது. ஒருத்தர் மூணு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-ல் ரெண்டாக்கினார்கள். அதே திருத்தத்தில், கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்குச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ரெண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். ஏர்கன் தானே என்று வாங்கி மாடியில் நின்று புறா சுடும் புண்ணியவான்களுக்கு: 2016 விதிகள்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் வேண்டாத ஏர்கன்னால் சுட்டாலும் காட்டுப் பறவை காட்டுப் பறவைதான், மூணு வருஷம் வரை உள்ளே இருக்கலாம். அப்புறம், சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் புதுத் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே ஒத்துக்கணும். 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆச்சு. 1990-களின் கடைசியில் உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் ஆச்சு. ரெண்டும் பாசன ஏரி, காடு இல்லை. மூணு பக்கமும் பத்துப் பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்க, டெல்டாவில் எத்தனை வயல் அதுக்குள்ள வருதுன்னு.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பண்ணைவீட்டுத் துப்பாக்கி சுவரில் தொங்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி, கடைசியில் அலங்காரப் பொருளாச்சு. அவங்களுக்கு ஒரு பொழுதுபோக்குதான் போச்சு. நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியுமாக வயல் வயலாத் திரிஞ்ச நரிக்குறவர்களுக்குப் போனது சோறு. அவங்க ஊசி பாசிக்கு மாறினாங்க. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 ஆச்சு. இன்னைக்கும் மார்கழியில் எங்க பக்கம் மடையானும் சிறவியும் திருட்டுத்தனமா விலைக்கு வருது. பிடிபடறது வலை போடற ஆளுதான், காரை ஓரமா நிறுத்தி வாங்கித் தின்னுறவர் பிடிபட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த 'அல்லது' விஷயத்துல நான் தொங்கிப்போன முகத்தோட இருந்தப்போதான் அப்பா இன்னொன்னு சொன்னார், இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. ரவை பட்டதுக்கு அப்புறமும் வருஷா வருஷம் பண்ணைக்கு விருந்தாளி வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். இன்னைக்கு ராத்திரி ஆள் வந்து இறங்கியிருக்குன்னு தெரிஞ்சா தாத்தா சாப்பிட்டுட்டு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாராம். அப்பாவும் கூட அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கிட்டு. ஐப்பசி மழை, வாய்க்கால்ல தண்ணிக்கு என்ன பஞ்சம்? வாமடையைத் திறந்து, வடிமடையை இறுக்கி அடைச்சு, விடியறதுக்குள்ள வயல் முழுக்க முழங்கால் தண்ணி கட்டிடுவார். உள்ளானுக்குச் சேறு வேணும், மூக்கை விட்டுக் கிளற. தண்ணி ஆழமாச்சுன்னா அது இறங்காது, பக்கத்து ஊர்ப் பக்கம் போயிடும். துப்பாக்கிக்காரங்க வந்து வரப்புல நின்னு பார்த்துட்டு, ஷூ நனையறதுக்கு யோசிச்சு, திரும்பிடுவாங்களாம்.

"பண்ணையில கேட்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க. பயிருக்குத் தண்ணி கட்டினேன்னு சொல்லிட்டார். ஒம்பது மணிக்கு வடிமடையைத் திறந்து விட்டுடுவோம்."